தேயிலைத் தோட்டத்தில் விழுந்த கூவல்

1964 ஆகஸ்ட் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை காலை 10.42-க்கு, ரயில் ஓட்டுநர் இசோபேயின் குரல் மணிக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அவரைவிட்டு நழுவி, ஜப்பானின் கிகுகாவாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் விழுந்தது. அந்த வாரம் பச்சைத் தேயிலையின் விலையில் மாற்றமில்லை.

எங்கள் ரயில்காரர்கள் எதையும் கண்ணால் பார்த்ததோடு விடுவதில்லை. விரலை நீட்டி, வாயால் சொல்லி, சொன்னதைத் தங்கள் காதாலேயே கேட்ட பிறகுதான் நம்புவார்கள். ஹமமட்சுக்காரரான இசோபே கரி இஞ்சினில் இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினார். விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைக்கூட அவர் வண்டியில் பேசியதில்லை. அக்டோபரில் திறக்கவிருந்த புதிய அதிவேகப் பாதையின் சோதனை ஓட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அன்று பலகையில் இருநூற்றுப் பத்து என்ற விளக்கு எரிந்ததும் அவர் விரலை நீட்டினார். ‘இருநூற்றுப் பத்து, சரி’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மலைகள் பக்கவாட்டில் உருவப்பட்டுக்கொண்டிருந்தன, வாயிலிருந்து வந்தது “ஹோஓஓய்!” என்ற ஒரு கூவல். வண்டி முன்னால் போனது, கூவல் பின்தங்கியது, மொத்தக் குரலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

“என்னண்ணே, குரலக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?” என்று பக்கத்து இருக்கையிலிருந்த நொசுவே சிரித்தான். இசோபே வாயைத் திறந்து காட்டினார். நொசுவே அதன் பிறகு சிரிக்கவில்லை.

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, குடியிருந்தவர் வெளியூர் போன வீடு மாதிரி, என்றார். செப்டம்பர் மூன்றாம் தேதி ஓட்டுநர் தேர்வு. குரலில்லாதவனுக்கு விரல் மட்டும் போதாது. தவறினால் வேக வண்டி கிடையாது, ஏதாவதொரு நிலைய வாசலில் நின்று பயணச்சீட்டில் துளையிட வேண்டியதுதான். இசோபே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி, ஹமமட்சு நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘உங்கள் வண்டியிலிருந்து ஒரு கூவல் என் தோட்டத்தில் விழுந்திருக்கிறது. ஆண் குரல். நல்ல நிலையில் உள்ளது. வந்து எடுத்துச் செல்லவும். கிமி.’ எழுத்தர் அதை ஒரு குடைக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் பதிவு செய்து, இசோபேயின் வீட்டுக்குத் தகவல் அனுப்பினார். மறுநாள் அவர் மனைவி ஃபுமியே, காலித் தேயிலை டின் ஒன்றைத் துணியில் முடிந்துகொண்டு, பழைய பாதையின் மெதுவண்டியில் போய் இறங்கினார்.

“மூணாவது வரிசையில கெடக்கும்மா,” என்றாள் தோட்டக்காரி கிமி. “ஒம்போது நாளா ஒரே கூத்து. பறிக்கிற பொண்ணுங்க சிரிச்சுச் சிரிச்சுக் கூடையக் கவுத்துடுறாளுங்க.”

இடுப்புயரச் செடிகளுக்கு நடுவே அது கூவியது. ஃபுமியேயின் கையிலிருந்த டின் கீழே விழுந்தது. திருமணமாகிப் பதினான்கு வருடங்களில் அவர் கேட்டிராத சத்தம் அது.

“அவரு குரல்தான்,” என்றார் டின்னைக் குனிந்து எடுத்தபடி. “ஆனா இந்த ஆள எனக்குத் தெரியாதே. கல்யாணத்தன்னிக்குக்கூட ‘சரி’ன்னு மட்டுந்தான் சொன்னாரு.”

“இப்பத் தெரிஞ்சுக்கிட்டாப் போச்சு. முதல்ல டீயக் குடிங்க.”

டின்னைத் திறந்து வைத்து மாலைவரை கெஞ்சியும் குரல் உள்ளே இறங்கவில்லை. ஃபுமியே வீடு திரும்பி, கணவரின் முன்னால் காலி டின்னை வைத்தார். “நான் கூப்பிட்டா அது வராதுங்க. விட்ட வேகத்துலயே போய் நீங்களே எடுத்துக்கங்க.”

தேர்வன்று, பின்னால் நின்ற ஆய்வாளர் நகாயே, இசோபேயின் விரல் நீளும்போதெல்லாம் காதைக் கொடுத்துப் பார்த்தார். நான்கு முறை எதுவும் கேட்கவில்லை. “இசோபே, வெரலு அழகாத்தான் இருக்கு. அடுத்த தடவையும் சத்தம் வரலேன்னா ஹமமட்சுல எறங்கிக்க.” இருநூற்றுப் பத்து எரிந்தது. இசோபே விரலை நீட்டி, தாடை வலிக்குமளவு வாயைத் திறந்துகொண்டார். இடப்புறம் ஒரு பச்சைக் கோடு கிழிபட்டது. “இருநூற்றுப் பத்து, சரி!” ஓட்டுநர் அறையெங்கும் பச்சைத் தேயிலை வாசனை. ஆய்வாளர் தும்மிவிட்டுத் தேர்ச்சி என்று எழுதினார். குரல் வந்துவிட்டது; கூவல் மட்டும் வர மறுத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

அக்டோபரில் பாதை திறந்த பத்தாம் நாள், ஃபுமியே யாரிடமும் சொல்லாமல் ஒரு சீட்டு வாங்கி, இடப்புற ஜன்னலோரம் உட்கார்ந்தார். அன்று வீடு திரும்பிய இசோபே, “எங்க போயிருந்த?” என்று கேட்டார். ஃபுமியே வாயைத் திறந்து காட்டினார். இசோபே உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த வீட்டில் இரவு முழுக்க ஒருவர் மட்டும் சத்தமாகச் சிரிப்பது கேட்டதாக அண்டைவீட்டார் சொல்கிறார்கள்.

மூன்றாம் நாள் தொலைந்த பொருள் பிரிவுக்கு இன்னொரு அட்டை வந்தது. ‘மறுபடி ஒன்று விழுந்திருக்கிறது. பெண் குரல். இரண்டும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. அவசரமில்லை.’ எழுத்தர் அதையும் பதிவு செய்தார். வசந்தத்தில் புதுத் தளிர் பறிக்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று ஃபுமியே எழுதிக் காட்டியிருக்கிறார். அதுவரை காலையில் அவர் குவளையை நோக்கி விரலை நீட்டுகிறார், இசோபே அதைப் பார்த்து, உரக்க, “டீ, சரி!” என்கிறார்.