சத்தம் அளந்த நாள்

அவர் முதுகு அசையவில்லை, தறியின் மேல் குனிந்து பஞ்சுத் தூசியை ஊதிக்கொண்டிருக்கிறார், சன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது, நான் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டேன், எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குதுங்க, சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம், அந்தத் தறிக்குடோனுக்குள் என் குரலை நான் அதுவரை கேட்டதில்லை, கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கே தறிச் சத்தம்தான், கையும் உதடும்தான் பேச்சு, நூல் அறுந்தால் கைதட்டல், ஊடு நூல் சுற்றிய தார் தீர்ந்தால் ஒரு விரல், சாப்பாடு என்றால் வாய்க்கு நேரே கை, இப்போது எங்கள் தறிகள் நிற்கின்றன, தெருவில் எல்லாத் தறிகளும் நிற்கின்றன, என் சொற்கள் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வருகின்றன, அவர் மட்டும் திரும்பவில்லை. கனவில் சில நாள் திரும்பிவிடுகிறார், திரும்பி என்ன சொல்கிறார் என்பதற்குள் விழித்துவிடுகிறேன்.

தறிகளை நிறுத்தச் சொன்னதே அவர்தான், என் வீட்டுக்காரர் அங்கமுத்து. எங்கள் தெருவின் பின்பக்கம் போகும் ரோட்டை நான்கு வழியாக்கப் போவதாகக் கல் நட்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சத்தத்தைத் தடுக்கச் சுவர் வருமாம், எங்கள் தெருவுக்கு வராதாம், எங்க தெருவுல சத்தத்த அளக்கவே இல்லீங்களே என்று இவர் மனுக் கொடுத்தார், அதன்பேரில், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சத்தம் அளக்க ஒரு தம்பி வந்து இறங்கினான், தெற்குச் சீமைப் பேச்சு, பேர் ஞானதுரை, முக்காலியின் மேல் ஒரு கருவி, அதன் தலையில் கருப்பாக ஒரு பஞ்சு உருண்டை. நாளைக்குத்தாம்ணே அளப்போம், இப்ப இருக்க சத்தம் எவ்வளவு, ரோடு வந்தா எவ்வளவு கூடும்னு பாப்பாங்க, ரொம்பக் கூடுனாத்தான் சுவரு என்று அவன் சொல்ல, இவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனார், ஒரு நா தறிய நிறுத்துங்க, ஊரு எத்தன அமைதின்னு அந்த மிசினு பாத்துக்கட்டும், என்றார். எனக்கு அந்தச் சுவர் வேண்டியிருந்தது, போன தடவை தங்காமல் போனதற்கு ரோட்டோ தறியோ காரணமில்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள், இருந்தாலும் வேண்டியிருந்தது, இந்தத் தடவை யாருக்கும் சொல்லவில்லை, என் அம்மாவுக்கும் அப்புறம்தான், முதலில் அவர் காதில் விழ வேண்டும், விழுந்து அவர் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்க வேண்டும், அதற்குத் தறி நிற்கும் ஒரு பகல் வாய்த்தது என்று நினைத்தேன்.

அந்தப் பகலை எங்கள் தெரு தாங்கவில்லை. தறி ஊருன்னு சொன்னாங்க, ஒண்ணும் ஓடலையே என்று ஞானதுரை கேட்டான், இன்னிக்கு அமாவாசைங்க தம்பி, லீவுங்க என்றார் எதிர்வீட்டுப் பூவாத்தா அக்கா, அமாவாச நாளைக்கழிச்சுல்லக்கா என்றான் அவன், எங்கூருக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துருமுங்க என்றார் அக்கா. தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய கைக்குழந்தைகள் தூக்கம் வராமல் அழுதன, ஆம்பளைகளுக்கு மெதுவாகப் பேசத் தெரியவில்லை, அடேய் மெதுவாப் பேசுங்கடா, மிசினு கேக்குது என்று தெருக்கோடியிலிருந்து ஒருவர் கத்தினார், நீ மொதல்ல மூடு மாமா என்று இந்தக் கோடியிலிருந்து பதில், ஞானதுரை தலையைக் குனிந்து சிரித்தான். அதற்கு நடுவில்தான் நான் போய்ச் சொன்னேன், முதுகு திரும்பவில்லை.

கேட்டும் கேட்காதமாதிரி இருக்கிறார், போன தடவையை நினைத்துப் பயப்படுகிறார், அல்லது வேண்டாம் என்கிறார், என்னென்னவோ நினைத்துக்கொண்டு, அழுகையை மறைக்க வேலை ஏதாவது வேண்டுமே என்று படியோரம் இருந்த எவர்சில்வர் குடத்தை எடுத்தேன், கை நழுவியது, குடம் படிகளில் விழுந்து விழுந்து உருண்டு தெரு வரைக்கும் போயிற்று, ஞானதுரை துள்ளி எழுந்தான், பூவாத்தா அக்கா வெளியே ஓடிவந்து, ஏனம்மிணி, உன்ற வீட்டுக்காரருதான சத்தம் ஆகாதுன்னாரு, நீயே கொடத்தப் போட்டு உருட்டறயே, என்றார். நான் உள்ளே பார்த்தேன், அவர் தூசியை ஊதிக்கொண்டிருந்தார், ஊடு நூலை ஓட்டும் நாடாவை எடுத்து விரலால் தடவினார், மறுபடி ஊதினார். இத்தனை சத்தத்துக்கும் அவர் தோள்கூட அசையவில்லை.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது, இப்போதும் வருகிறது, படுத்த பிறகு நான் பேச ஆரம்பித்தால் எழுந்து விளக்கைப் போடுவார், உன்ற மூஞ்சியப் பாக்கணும் அம்மிணி என்பார், ஆசை என்று நினைத்தேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்காராமல் எதிர் சீட்டில் உட்காருவார், போன் வந்தால் என்னிடம் தந்துவிடுவார், நீயே பேசு, எனக்கு எதுக்கு என்பார், தறி ஓடும் ஊரில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறோம், அந்தக் கூட்டத்துக்குள் காது கேளாமல் அவர் எப்போது தனியாகிப்போனார் என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முன்னால் போய் நின்று சொல்லியிருக்கலாம், உதட்டைப் படித்துக்கொள்வார், ஆனால் முகத்தையும் படிப்பாரே, நான் தெரிந்துகொண்டதும் சேர்ந்து தெரிந்துவிடும், அவர் மறைத்து வைத்திருப்பதை நான் பிடுங்கியதாக ஆகும், ஒரு வாரம் சோறு போட்டேன், தறி ஓட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, அந்த வாரம் அத்தனையும் தண்ணீருக்கடியில் நடந்த மாதிரி இருக்கிறது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். மேடையில் அதிகாரி அம்மா, பக்கத்தில் ரோட்டு என்ஜினீயர், பின்னால் பெரிய வரைபடம், ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எங்கள் தெருவுக்காகப் பேச இவர் எழுந்து முன்னால் போய் நின்றார், மனப்பாடமாக வைத்திருந்ததை நன்றாகச் சொன்னார், கைதட்டினார்கள். என்ஜினீயர் மைக்கை எடுத்தார், அது அவர் வாயை முழுக்க மறைத்தது. நீங்க அன்னிக்குத் தறிகளை நிறுத்தி வெச்சதா எங்க ஆள் எழுதியிருக்கார், தறி ஓடும்போது ரோட்டைவிட அதிகமா சத்தம் இருக்குமே, அப்புறம் எதுக்குச் சுவர் என்று கேட்டார். இவர் அந்த மைக்கையே பார்த்தார். ஆமாங்க, செவுத்துக்கு எடம் நாங்களே உட்டுத் தர்றமுங்க, என்றார். சிரித்தார்கள். என்ஜினீயர் மறுபடி கேட்டார், மைக் இன்னும் நெருங்கியிருந்தது, இவருக்கு இன்னொரு பதில் தப்பினால் சுவரும் போகும், அவரும் போவார். நான் எழுந்தேன், எங்கம்மிணி போற என்று பூவாத்தா அக்கா புடவையைப் பிடித்தார், விடுவித்துக்கொண்டு போய் மேடைக்குக் கீழே, அவருக்கு நேராக நின்றேன். நிறுத்தி வெச்சீங்களா, தறிச் சத்தமே ஜாஸ்தி, செவுரு எதுக்கு. குரல் இல்லாமல், உதட்டால் மட்டும், தறி ஓடும்போது பேசுவதைப்போல.

அவர் என் உதட்டைப் பார்த்தார், பிறகு என் கண்ணைப் பார்த்தார், அங்கேயே இருந்தார், மண்டபம் காத்திருந்தது, எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது, அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, சில நாள் அதற்குள்ளேயே இருக்கிறேன். பிறகு அதிகாரி அம்மா பக்கம் திரும்பி, நிறுத்தி வெச்சது நெசந்தானுங்க, என்றார். நாங்க நெனச்சா தறிய நிறுத்தலாமுங்க, கொழந்த தூங்கோணும்னா, எழவு உழுந்தா, ஞாயித்துக்கெழமைன்னா நிறுத்துவமுங்க, அன்னிக்கு நிறுத்திக் காமிச்சமே, உங்க ரோட்ட யாருங்க நிறுத்துவாங்க? யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அம்மா பேனாவைத் திறந்து, இதை அப்படியே பதிவு பண்ணுங்க, என்றார்.

சுவர் பிற்பாடு வந்தது, எங்கள் தெரு நீளத்துக்கும், சாம்பல் நிறத்தில், அதன் பின்னால் லாரிகள் தூரத்து மழைபோலப் போகின்றன, ஆனால் இப்போது சுவர் இன்னும் வரவில்லை, மண்டபத்துக்கு வெளியே வெயில், அவர் வண்டியை நோக்கி முன்னால் போகிறார், அதே முதுகு, நான் கூப்பிடவில்லை, வேகமாக நடக்கிறேன், அவரைத் தாண்டிப் போய், வெயில் என் முகத்தில் விழும்படி திரும்பி நிற்கிறேன், சொல்கிறேன், குரல் இல்லாமல். அவர் நிற்கிறார். வண்டிச் சாவி கையில் இருக்கிறது. நெசமாவா அம்மிணி, எத்தன மாசம் என்று தறிக்குடோனில் கேட்பதுபோல் கேட்கிறார், மண்டபத்து வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்புகிறார்கள், ஜீப்பில் ஏறப்போன அதிகாரி அம்மாவும் திரும்புகிறார், அடக் கடவுளே, மொதச் செவுர இந்தாளு வாய்க்கு வைங்கப்பா என்று பூவாத்தா அக்கா சத்தம் போடுகிறார், அவருக்கு எதுவும் விழவில்லை, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் இன்னொரு தடவை சொல்கிறேன், மெதுவாக, அவர் இன்னொரு தடவை கேட்கிறார்.