ஜாம்பிக்குப் பூசிய பச்சை

நல்லூரில் பனியன் தைக்கும் கம்பெனி ஒன்றின் மாடியில், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. அவர்களைப் பார்த்துக்கொள்பவள் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். பிள்ளைகள் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகளும், செத்தும் எழுந்து நடக்கிற ஜாம்பியின் படம்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். யாரோ செல்போனில் பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் அந்த ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். ரோஸ்மேரியும் ஜெராக்ஸ் கடையில் ஜாம்பிப் படங்கள் எடுத்து வந்தாள். பிய்ந்த சட்டை, தொங்கும் கை, பிதுங்கிய கண். பிள்ளைகள் வண்ணம் தீட்டினார்கள். அட்டைப்பெட்டியை வெட்டி முகமூடி செய்து, வெட்டித் தள்ளிய பனியன் துணியைக் கட்டுப் போட்டதுபோல் சுற்றி ஒட்டினார்கள். எல்லா ஜாம்பிக்கும் பச்சை முகம்தான். பதினோரு மணிக்கெல்லாம் பச்சைக் கிரேயான் தேய்ந்து தீர்ந்துபோனது.

கீழே, துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பிரிவில் எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். திறந்திருந்த டப்பாவிலிருந்து ஒரு மூடி பச்சைச் சாயத்தை ரோஸ்மேரி எடுத்து வந்தாள். குழந்தைச் சட்டையில் அடிக்கிற சாயம்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள்.

முகமூடிகளுக்குப் பூசியது போக மிச்சம் இருந்தது.

"மிஸ், எனக்கு மூஞ்சிலயே வெச்சு உடுங்க" என்று கன்னத்தை நீட்டினாள் ஐந்து வயது தேஜஸ்ரீ. ரோஸ்மேரி கன்னத்திலும் நெற்றியிலும் பூசிவிட்டாள்.

தேஜஸ்ரீ கண்ணை மூடி, கையை நீட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தாள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ரோஸ்மேரியும் சிரித்தாள். சிறுமி நேராகப் போய்ச் சுவரில் மோதினாள். அப்போதும் எல்லாரும் சிரித்தார்கள்.

"மிஸ், எரியுது. கண்ணு தொறக்க மாட்டீங்குது."

ரோஸ்மேரி அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். தண்ணீர் பச்சையாக வழிந்தது. "தேய்க்காத பாப்பா, தேய்க்காத" என்று சொல்லிக்கொண்டே கண்ணைக் கழுவிவிட்டாள். சத்தம் கேட்டு மேலே வந்த பிரிண்டிங் மாஸ்டர் கதிர்வேல் அந்த மூடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க மிஸ், இதையா பூசுனீங்க? துணியில புடிக்கறதுக்குப் பசையெல்லாம் கலந்ததுங்க இது. உடனே ஆசுபத்திரிக்குப் போங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேட்டா கிரேயான்னு சொல்லிருங்க. உங்க வேலை போயிருமுங்க."

தையல் மிஷினிலிருந்து ஓடிவந்த தேஜஸ்ரீயின் அம்மா ஜனனி மகளை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் அவள் மகளின் கண்ணை ஊதிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்மேரிக்குக் கிரேயான் என்ற சொல் நாக்கு நுனியிலேயே இருந்தது.

"கண்ணுல என்ன பட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

ஜனனி ரோஸ்மேரியைத் திரும்பிப் பார்த்தாள். சிறுமி முனகிக்கொண்டிருந்தாள்.

"பிரிண்டிங் சாயம் டாக்டர். பசை கலந்தது. நாந்தான் பூசிவிட்டேன்" என்றாள் ரோஸ்மேரி.

டாக்டர் சிறுமியின் கண்ணைத் திறந்து வெகுநேரம் கழுவினார். விளக்கடித்துப் பார்த்தார். ரோஸ்மேரி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கையில் பச்சை காய்ந்து வெடித்திருந்தது.

"கருவிழிக்கு ஒண்ணும் ஆகல. சாயம்னு சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லலைன்னா சொட்டு மருந்து மட்டும் குடுத்து அனுப்பியிருப்பேன், இமைக்குள்ள ஒட்டியிருந்தது அப்படியே இருந்திருக்கும்."

வெளியே வந்ததும் ஜனனி வெடித்தாள். "புள்ளைய உங்களை நம்பித்தானுங்க உட்டுட்டுப் போறேன்!" ரோஸ்மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

கம்பெனிக்குத் திரும்பியதும் மேனேஜரிடம் தானே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டித் தீர்த்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்றார். திங்களன்று மூன்று பிள்ளைகள்தான் வந்தார்கள். செவ்வாயன்றும் தேஜஸ்ரீ வரவில்லை. படிக்கட்டில் காலடி கேட்கும்போதெல்லாம் ரோஸ்மேரி எட்டிப் பார்த்தாள்.

புதன் காலையில் ஜனனி மகளோடு வந்தாள். கண் தெளிந்திருந்தது, காதோரம் மட்டும் லேசாகப் பச்சை. ஜனனி நேராக உள்ளே போய், அலமாரியில் இருந்த டப்பா ஒவ்வொன்றையும் திறந்து மோந்து பார்த்தாள். பசை பாட்டிலின் லேபிளைப் படித்தாள். ரோஸ்மேரி பக்கத்திலேயே நின்று அடுத்த டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகே மகளை மற்றப் பிள்ளைகளோடு உட்கார விட்டாள் ஜனனி.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறனுங்க."

"வாங்கக்கா. தினமும் வந்து பாருங்க" என்றாள் ரோஸ்மேரி.