இரண்டு முள் துளைகள்

“உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“அப்பிடி யாரும் இல்லைங்கம்மா” என்றேன்.

என் மகன் ஜெகன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சில் ஈ.சி.ஜி. கருவியின் ரப்பர்க் குமிழ்கள் பதிந்த வட்டங்கள் சிவப்பாக இருந்தன. எட்டு நாளைக்கு முன் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் ஷிப்ட் சங்கு ஊதிய கணத்தில் அவன் விழுந்துவிட்டான். பதினைந்து வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு. ஊத்துக்கோட்டையில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மாத்திரையைச் சென்னையில் வாங்கி, சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்துவந்தோம். பதினோரு வருடமாக நானும் என் மனைவி அஞ்சம்மாளும் அவனும் தவிர யாருக்கும் அது தெரியாது. மில்லில் விழுந்ததால்தான் விஷயம் பெரிய ஆஸ்பத்திரிவரை வந்தது.

டாக்டரம்மா ஒரு நீளக் காகிதத்தை மேசைமேல் விரித்தார். ஒரு துடிப்பு முடிந்து அடுத்த துடிப்புக்குத் தயாராக இவன் இதயம் அதிக நேரம் எடுக்கிறதாம். அந்த இடைவெளியில் திடீர்ச் சத்தமோ அதிர்ச்சியோ வந்தால் துடிப்பே தடுமாறிவிடலாம். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு இந்தக் கோளாறும் பிறவியிலேயே சேர்ந்து வரும். சிலருக்கு வலிப்பு என்று நாம் நினைப்பதே இதுவாக இருக்கும். “இதயத்துக்கான மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சிடறேன். ஆனா இது ரத்த வழியில வர்றது. இவர் ஒருத்தருக்குத்தானா, இல்ல குடும்பத்துக்கேவான்னு எனக்குத் தெரியணும்.”

“பாம்பு கடிச்சி ரெண்டு பேர் போனாங்க. அது வேற” என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ரெண்டு பேருமா? என்ன வயசு?”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் தம்பி சின்னராசுக்கு இருபத்திரண்டு வயது. அறுபத்தெட்டில் ஒரு நாள் காலை, கட்டிலில் குப்புறக் கிடந்தான். தலையணை ஈரமாக இருந்தது. அவனுக்கு வலிப்பு வருவது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. தங்கைக்கு நிச்சயம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வலிப்பு என்று தெரிந்தால் அந்தக் கல்யாணம் நின்றுவிடும். அப்பா என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போய் வேலியிலிருந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்துக் கையில் கொடுத்தார். தம்பியின் இடது கணுக்காலில் ஒரு விரல் இடைவெளி விட்டு இரண்டு துளை போட்டேன். ரத்தம் வரவில்லை. மேலே மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். ஊர் வந்து பார்த்துவிட்டு நாகம் என்றது. எண்பத்தொன்றில் அண்ணன் மகள் பதினேழு வயதில் அதேபோல் போனபோது அப்பா உயிரோடு இல்லை. யாரும் சொல்லாமல் நானே வேலிப் பக்கம் போனேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றதும், நாகத்தின் பார்வை பட்ட குடும்பம் என்று ஊரே எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது. வேப்பமரத்தடியில் கல் நட்டோம். ஒவ்வொரு நாகசதுர்த்திக்கும் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பால் ஊற்றுவார்கள். முதல் சொம்பு என்னுடையது.

பஸ்ஸில் ஜெகன் கேட்டான். “நைனா, சித்தப்பாவுக்கும் எனக்கு வர்ற மாதிரிதான் வந்துச்சா?”

“வாய மூடிக்கினு வாடா.”

வீட்டுக்குள் நுழைந்ததும் அஞ்சம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். “உன் சித்தப்பா மவன் பரசுராமன் பொண்ணு அருணா காலைல பட்டாசு சத்தத்துல மறுபடியும் உழுந்துட்டுதாம். சத்துக் கொறவுன்னு சொல்லிக்கினு இருக்கான்.” நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்: “அந்தப் பொண்ணுக்கு முள்ளு எடுத்து வெச்சிட்டியா?”

எண்பத்தொன்றிலிருந்து, இருபத்தாறு வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மானம் காத்தவன் என்று நான் நிமிர்ந்து நடந்த இந்த வீட்டில், என் கையைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அன்று நான் சாப்பிடவில்லை. அருணாவுக்குப் பதினான்கு வயது. போன பொங்கலன்று ஒரு கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து எனக்குப் பாதி கொடுத்த பெண்.

நாகசதுர்த்தியன்று பங்காளிகள் நாற்பது பேருக்குமேல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். வெளுத்த வேட்டியில் நான் முன்னால் நின்றேன். பால் சொம்பைக் கீழே வைத்தேன்.

“இந்தக் கல்லுல ஒண்ணும் இல்ல. சின்னராசுவ பாம்பு கடிக்கல. அண்ணன் பொண்ணையும் கடிக்கல. ரெண்டு பேருக்கும் வலிப்பு இருந்துச்சி. தூக்கத்துலயே போய்ட்டாங்க. அந்தத் துளைய முள்ளால போட்டது நான். ஜெகனுக்கும் வலிப்பு இருக்குது.”

பரசுராமன்தான் முன்னால் வந்தான். “இன்னாண்ணே சொல்ற? இத்தினி வருசமா உன் கையத்தான் கும்பிட்டுக்கினு இருந்தோமா? நாளைக்கி எவன் நம்ம ஊட்ல பொண்ணு எடுப்பான்?”

“எடுக்காட்டி போறான். உன் பொண்ணு உயிரோட இருந்தாத்தானடா எவனாவது எடுக்கறதுக்கு!”

அவன் கை ஓங்கினான். நான் அசையவில்லை. அறுபத்தேழு வயதில் முதல்முறையாக ஒருவன் என்மேல் கை ஓங்குகிறான், அதைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஓங்கிய கையோடு நின்றவன் பின்னால் திரும்பி அருணாவைப் பார்த்தான். அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரசுராமனின் கை மெதுவாக இறங்கியது. “பட்டாசுக்கு மூணு வாட்டி உழுந்துட்டுதுண்ணே” என்றான். “யார்கிட்டயும் சொல்லல.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒருவன் தன் மாமியார் வீட்டுக்குக்கூடச் சொல்லாததை அங்கே சொன்னான். இன்னொருவன் தன் மகனைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டான். கல்லுக்கு ஊற்றாத பாலை அஞ்சம்மாள் அங்கேயே காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தாள்.

மறுவாரமே அருணாவை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனோம். அவளுக்கும் அதே நீண்ட இடைவெளி. “நல்ல நேரத்துல கூட்டிக்கினு வந்தீங்க” என்று என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்த டாக்டரம்மா, மிச்சம் உள்ள எல்லோரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றார். கட்டிக்கொடுத்த பெண்களை நாங்கள் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை என்றேன். “அவங்க ரத்தத்துலயும் இருக்கும், அவங்க பிள்ளைங்க ரத்தத்துலயும் இருக்கும்” என்றார். வீடு வீடாக நானே போனேன். ஒவ்வொரு சம்பந்தி வீட்டிலும் உட்காராமல், நின்றபடியே உள்ளதைச் சொன்னேன். சிலர் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நெல் விற்ற பணத்தில் மணவாள நகரில் ஒரு மண்டபம் பிடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் இரண்டு கருவி, திரை கட்டி மூன்று கட்டில். வாசலில் அஞ்சம்மாள் பழக்கதோஷத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். “நெஞ்சுல சந்தனம் பூசிக்கினு யாரும் வராதீங்கம்மா, கருவி ஒட்டாது” என்று கருவிக்காரர் சாலமோன் கத்தினார். பங்காளிகள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெளியூர்களில் கொடுத்த பெண்களில் ஒருத்தியும் வந்திருக்கவில்லை. மணி ஒன்பதாகிவிட்டது.

“பெரியவர்தான் மொதல்ல” என்றார் சாலமோன்.

படுத்தேன். நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவிக் குமிழ்களை ஒட்டினார். காகிதம் ஊர்ந்து வரத் தொடங்கியது. அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. கதவுகள் திறக்கும் சத்தம், வளையல் சத்தம், கொலுசுச் சத்தம், குழந்தைகளின் அழுகை. எவளோ ஒருத்தி, ஆர்.கே.பேட்டையில் கொடுத்தவளாக இருக்க வேண்டும், “பெரிப்பா எங்க? எங்க மாமியாரும் வந்துக்கிறாங்க!” என்று கூவினாள்.

“பெரியவரே, அசையாம இருங்க. கோடு ஆடுது” என்றார் சாலமோன்.

என்னால் முடியவில்லை. நெஞ்சு குலுங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் கால்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. மருதாணிக் கால்கள், சேறு காயாத கால்கள், கொலுசு போட்ட சின்னஞ்சிறு கால்கள். சாலமோன் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார்.