பெயர் மாறிய பிள்ளையின் எண்

முட்டை சேர்க்காத சூப்பைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி மூடிவிட்டுப் பெயர்ச்சீட்டை ஒட்டப் போனேன். சீட்டில் ஹமடா என்று இருந்தது. மூன்றாம் வகுப்பு ஹமடாவா? போன வாரம் முட்டைச் சுருளை மூன்று தடவை வாங்கித் தின்ற பயல் அவன். எங்கள் பள்ளியில் முட்டை ஆகாதவள் ஒருத்திதான், ஹதானோ சிஹிரோ. பட்டியலில் அந்தப் பெயரையே காணோம். போட்டிருந்த ஏப்ரனோடு அலுவலகத்துக்கு ஓடினேன்.

எழுத்தர் குவாபராவின் முகம் வெளுத்துவிட்டது. சிஹிரோவின் பெற்றோர் பிரிந்துவிட்டதால், அந்த வாரம் முதல் அவள் அம்மாவின் குடும்பப் பெயரில் யுவாசா சிஹிரோ. பெயர் மாறினால் எழுத்து வரிசையில் இடமும் மாற வேண்டுமே, வகுப்புப் பட்டியலை குவாபரா ஒழுங்காக மறுபடி அடுக்கியிருக்கிறார். கணினியில் இருக்கும் சமையலறைத் தாளோ அந்தப் பட்டியலின் இருபத்தோராம் வரியில் யார் இருந்தாலும் அவர் பெயரை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நானே தட்டச்சு செய்த 'முட்டை கூடாது' மட்டும் நகரவில்லை. சிஹிரோ கீழே இறங்க, அவள் இடத்துக்கு ஹமடா ஏறிவிட்டான்.

கிண்ணம் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. போன வருடம் ஒரே வாய் முட்டைக்கு அவளுக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

"பட்டியலை யாரும் தொடக்கூடாதுன்னு ஒரு தாள் ஒட்டிடுங்க, போதும்" என்றார் துணைத் தலைமையாசிரியர்.

"ஒட்டினாலும் தொடுவாங்க சார். முதல் ஆளா நானே தொடுவேன்" என்றார் குவாபரா.

ஒரு டப்பா சோப்புத்தூளுக்கு மூன்று பேரின் முத்திரை கேட்கும் மனுஷி என்று அவரை நான் எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருக்கிறேன். அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளியில் சேரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எண்ணை இரண்டு தாளிலும் முதல் கட்டத்தில் வைத்தார். இனி சமையலறைத் தாள் எத்தனையாவது வரி என்று கேட்காது, எண்ணைத் தேடிப் போய் அந்தப் பிள்ளையின் பெயரைக் கொண்டுவரும். 'முட்டை கூடாது' அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் முடிந்ததும் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப கெடுங்க பாக்கலாம், நொசாக்கி சான்."

"நானா? எனக்கு சூப்பைக் கெடுக்கத்தானே தெரியும்."

"அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

வகுப்புப் பட்டியலைத் தலைகீழாக அடுக்கினேன். நடுவில் வரிகளைச் செருகினேன், நாலைந்தை அழித்தேன். ஒவ்வொரு தடவையும் முட்டை ஆகாதவள் சிஹிரோதான். இவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை.

"நாளைக்கே அவங்கம்மா இன்னொரு கல்யாணம் பண்ணி, வேற பேர் வந்தா?" என்று கேட்டேன்.

"வரட்டுமே. போட்டுப் பாருங்க."

வேறு பெயர் எதுவும் சட்டென்று தோன்றவில்லை. யுவாசாவை அழித்துவிட்டு என் குடும்பப் பெயரை அடித்தேன். சமையலறைத் தாளில் நொசாக்கி சிஹிரோ, முட்டை கூடாது என்று வந்து நின்றது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. குவாபரா தேநீர் எடுக்க எழுந்து போனார். அவர் திரும்பி வரும்வரை நான் அதை அழிக்கவில்லை.