பூசணிப்பூக் கிண்ணம்

ஸ்டூலில் ஏறி ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் எலக்ட்ரீஷியன். கூடத்து ஃபேன் தள்ளாடி நின்றது. அதற்கு நேர் கீழே கட்டிலில் அவர் மனைவி. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

வந்திருந்தவர்கள் முகத்தைத் துடைத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் ஃபேன் மாட்டுகிற மனுஷன், இந்தப் புழுக்கத்தில், அதுவும் இன்றைக்கா இப்படிச் செய்வார்?

"என்ன தம்பி இது?" என்றாள் மனைவியின் அக்கா. "அவளுக்கு வேர்வைன்னாலே ஆகாது. போடுங்க ஃபேனை."

"முடியாதுக்கா."

ஜன்னலோர மேஜையைக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற பீங்கான் மண்ணை விரல்களாலேயே கிள்ளி, வளைத்து அவள் எழுப்பிய பூசணிப்பூக் கிண்ணம். கடைசி இதழை நேற்றுதான் ஒட்டியிருந்தாள். ஈரம் இன்னும் மினுமினுத்தது.

"காத்துப் பட்டா ஒரு பக்கம் மட்டும் காய்ஞ்சு விரிசல் விட்டுரும். முன்னாடி செஞ்சதெல்லாம் அப்படித்தான் போச்சு."

"உள்ள தூக்கி வைக்கறது."

"ஒட்டு பிடிக்கல. அசைச்சா இதழ் கழண்டுரும்."

"எதையாவது போட்டு மூடுங்க."

"ஈரம் உள்ளயே நின்னா சரிஞ்சுரும்க்கா."

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என் தங்கச்சியே போய்ட்டா. நீங்க மண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு கிண்ணத்துக்கு இத்தனை பாடா என்று வருஷக்கணக்கில் கேலி செய்தவர்தான் அவர். மனைவியோ அப்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மண்ணைப் பிசைய ஆரம்பித்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் நைசாக ஜன்னலைத் திறக்கப் போனார். எலக்ட்ரீஷியன் குறுக்கே போய்க் கொக்கியை மாட்டிவிட்டு, மேஜையை ஒட்டியே நின்றுகொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நேத்துப் படுக்கும்போது சொன்னா. யார் வந்தாலும் ஃபேனைப் போட விடாதீங்க, இது ஒண்ணாவது நிக்கணும்னு. சரின்னேன்." சட்டைப்பையிலிருந்த ஃப்யூஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதுக்கப்புறம் நாங்க ஒண்ணும் பேசிக்கலக்கா."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். இதழோரங்களில் தங்கையின் விரல் பதிந்த தடங்கள் வரிசையாகத் தெரிந்தன.

உள்ளே போய் ஒரு காலண்டர் அட்டையைக் கொண்டுவந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து தங்கையின் முகத்துக்கு மெல்ல விசிறினாள். இன்னொரு கையை, விளக்கு அணையாமல் மறைப்பதுபோல், மேஜைப் பக்கமாகக் குவித்து வைத்துக்கொண்டாள்.