நின்றுகொண்டே வாங்கியது

புரோகிராம் எழுதிப் பிழைப்பவள் நான். வேலைக்குப் போகும் பேருந்துப் பயணம் இருபத்தைந்து நிமிடம். உட்கார இடம் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. கம்பியில் சாய்ந்து, இடது கையில் லேப்டாப்பை ஏந்தி, வலது கையால் தட்டுவேன். பழையது இரண்டரைக் கிலோ. தோள்பட்டை போயே போய்விட்டது.

அதனால் புது லேப்டாப் வாங்கப் போன கடையிலும் நின்றேன், பென் டிரைவில் கொண்டுபோன என் புரோகிராமைத் திறந்துவைத்துக்கொண்டு. முதலாவது, கூட வந்த அண்ணன் ஆசைப்பட்டுக் காட்டியது. ஏழாவது நிமிடமே கை கடுத்தது. இரண்டாவது காற்றாக இருந்தது, விலைதான் கையைக் கடித்தது. மூன்றாவதை ஏந்திப் பதினைந்து நிமிடம் ஆனதும் விற்பனையாளர் பொறுமையிழந்து நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"உட்கார்ந்து பாருங்க மேடம்."

"பஸ்ல யாரு நாற்காலி போடுவாங்க?"

அண்ணன் என்னை முன்பின் தெரியாதவனைப் போல டிவி பக்கம் நகர்ந்துவிட்டான்.

இருபத்தைந்து நிமிடம் முடிந்தது. கை வலிக்கவில்லை. நேற்றிலிருந்து புரோகிராமில் தண்ணி காட்டிய பிழையும் அதற்குள் சிக்கிவிட்டது.

"இதையே குடுங்க."

"இது டிஸ்ப்ளே பீஸ் மேடம். எட்டு மாசமா வர்றவங்க போறவங்க எல்லாரும் தட்டிப் பாத்தது. புதுசு உள்ளே இருக்கு."

"அத்தனை பேர் தட்டியும் ஓடுதில்ல? அப்ப பஸ்ஸையும் தாங்கும். எவ்வளவு குறைப்பீங்க, அதைச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் நிக்கறேன்."

நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.