பூச்சி பிடிக்கிற சத்தம்

கொளஞ்சியம்மாள் மத்தியானச் சோற்றுத் தட்டை வைத்த சத்தத்திலேயே கோபம் எவ்வளவென்று தெரிந்தது. அவள் பேசாமல் அது ஒன்பதாவது நாள். புருஷன் பாவாடை வழக்கம்போல் பேச ஆரம்பித்தான். வாய்க்காலில் தண்ணீர் நின்றாலும் பாவாடை வாயில் பேச்சு நிற்காது என்று நைனார்பாளையத்தில் சொல்வார்கள்.

நடந்தது இதுதான். களமருதூரில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குத் தனியாகப் போனவன், கறிச்சோறு தின்ற குஷியில், மகள் அஞ்சலையை அக்கா மகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லி அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அக்கா மகனுக்குப் பெண் கொடுப்பது ஊரில் இல்லாததல்ல. பெற்றவளை வீட்டில் விட்டுவிட்டுப் பாக்கு மாற்றுகிற கெட்டிக்காரனைத்தான் யாரும் பார்த்ததில்லை. பையன் குடிக்கமாட்டான், டிராக்டர் ஓட்டுகிறான், சொந்தம் விட்டுப்போகாது என்று ஒன்பது நாளாக அவளிடம் ஓதித் தீர்த்துவிட்டான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படி இருந்ததே இல்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம், தான் வேலை பார்க்கும் ராமசாமி வீட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனான். மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு கல்லூரிப் பெண் சின்னப் பெட்டியொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டகை வௌவால்களைப் பற்றிப் படிக்கிறாளாம். நம் காதுக்கு எட்டாத அதுகளின் கத்தலை அந்தப் பெட்டி கேட்கிற மாதிரி மாற்றித் தருமாம். அவன் சிரித்தான். இத்தனை வருஷமாக இந்தக் கொட்டகையில் கிடக்கிறான், ஒரு வௌவால் கத்தியும் கேட்டதில்லை.

பொழுது சாய்ந்ததும் ஓட்டு இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெட்டி டக்... டக்... என்றது. ஒன்று கரும்புக்கு மேல் சட்டென்று வளைந்தது. டக் டக் டக் என்று நெருங்கி டர்ர்ரென்று ஓடி, அப்படியே நின்றது. பூச்சியைப் பிடித்துவிட்டது என்றாள்.

பாவாடைக்குச் சிரிப்பு போய்விட்டது. ஒரே மூச்சாகக் கத்தித் தொலைத்தால் என்ன, நடுவில் எதற்கு விட்டு விட்டு என்று கேட்டான்.

"ஒவ்வொரு தடவ கத்துனதும் நிறுத்திட்டு கேக்குதுங்க. சத்தம் பூச்சி மேல பட்டுத் திரும்பி வரணும். விடாம கத்துனா திரும்பி வர்றது அதுக்கே கேக்காது. பட்டினிதான்."

அவன் மடையை மாற்ற மறந்து நின்றான். ஒரு பாத்தி நிரம்பி வழிந்தது.

வீட்டுக்கு வந்தபோது கொளஞ்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே குந்தினான். டிராக்டர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"கொளஞ்சி, நீ இன்னா நெனைக்கிற?"

கேட்டுவிட்டு வாயை மூடினான். அது சாதாரணப் பாடா? உதடு தானாகத் துடித்தது. முறம் இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் நின்றது.

"என்னய கேக்காததுகூட போவட்டும்யா," என்றாள். ஒன்பது நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "கட்டிக்கப் போறவ அவ. அவள ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் குரலை மறுபடி கேட்டதில் கண்ணும் கலங்கியது.

கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டான். அஞ்சலை ஈரக்கையோடு வந்து அம்மா பக்கத்தில் நின்றாள்.

"அத்த மவன கட்டிக்க ஒனக்கு இஷ்டமாம்மா?"

அவள் தலை குனிந்தது. மேற்கொண்டு பேசப் பாவாடைக்கு நாக்கு துறுதுறுத்தது. கொளஞ்சி கை நீட்டி அவன் முழங்காலை அழுத்தினாள்.

அஞ்சலை துப்பட்டாவில் விரல் விரலாகக் கையைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.